கவுன்சிலிங் அறையில் மூன்றாவது நாற்காலி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளின் மனநலம் பற்றி உங்கள் பத்திரிகையில் வருகிற கட்டுரைகளையும் கடிதங்களையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் ஒரு ஆலோசகர் இருக்க வேண்டும் என்று சொல்லி அதோடு முடித்துவிடுகிறார்கள். எங்களுக்குத் தெரிந்த பள்ளியில் ஆலோசகர் வந்துவிட்டார், அறை ஒதுக்கியாகிவிட்டது, சுவரில் பூப்படம் கூட ஒட்டியிருக்கிறார்கள், பிள்ளையும் போய் உட்கார்ந்துவிட்டது. ஆனால் இரண்டு பேர் மட்டும் இருக்க வேண்டிய அந்த அறையில் மூன்றாவதாக ஒரு நாற்காலி போட்டு இன்னொரு டீச்சரும் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளை பேசுவது தமிழ், கவுன்சிலிங் டீச்சருக்குத் தெரிந்தது மலையாளம், இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் மாற்றிச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. அந்த நாற்காலியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், வெட்டாமல் போட்டால் நல்லது.

எங்கள் பக்கம் என்றால் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், சித்தூர் தாலுகா. (ஆந்திராவில் இருக்கிற சித்தூர் வேறு. அங்கேயும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு என்பதால் சொல்லிவிடுகிறேன்.) கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி, முதலமடை என்று கிழக்கே வர வர வீட்டுப் பேச்சு தமிழ்தான். சந்தைக்குப் பொள்ளாச்சி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கோயம்புத்தூர், ரேஷன் கார்டு கேரளா. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லைக் கோடு போட்டபோது நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம், அவ்வளவுதான், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இங்கே பள்ளிக்கூடங்களில் தமிழ் மீடியம் இருக்கிறது, பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழில் எழுதலாம். நான் ஒரு அக்ஷயா மையத்தில் வேலை செய்கிறேன், தமிழ்நாட்டில் இ-சேவை மையம் என்பார்களே அது மாதிரி. ஸ்காலர்ஷிப் மனு, வருமானச் சான்றிதழ், பிளஸ் ஒன் சேர்க்கைக்கான ஏகஜாலக (ஒற்றைச் சாளர) விண்ணப்பம் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும், அதனால் பிள்ளைகளும் அம்மாக்களும் வருவார்கள், வந்தால் விண்ணப்பத்தோடு வேறு கதைகளும் வரும். என் மகள் படித்த பள்ளியில் மதர் பி.டி.ஏ. என்கிற அம்மாக்கள் அமைப்பிலும் இருந்திருக்கிறேன்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம், ஊரும் வகுப்பும் மாற்றித்தான் எழுதுகிறேன், அவனுடைய அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவன் திங்கட்கிழமை ஆனால் வயிற்றுவலி, தலைவலி என்று படுத்துக்கொள்ள ஆரம்பித்தான், பிறகு எல்லாக் கிழமையும் திங்கட்கிழமை ஆகிவிட்டது. பள்ளியில் கவுன்சிலிங் டீச்சரிடம் அனுப்பினார்கள். நல்ல டீச்சர், பொறுமைசாலி, ஆனால் மலையாளம் மட்டும். மொழிபெயர்க்க யார் ஃப்ரீ பீரியடில் இருந்தாரோ அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். என்னடா பிரச்சினை என்றதும் பையன் தலைவலி என்றான். வீட்டில் ஏதாவதா? இல்லை, தலைவலி. கவுன்சிலிங் டீச்சர் அதைத்தானே எழுத முடியும், எழுதினார், கண்ணைப் பரிசோதிக்கச் சொன்னார், அம்மா பொள்ளாச்சிக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடியும் வாங்கிப் போட்டார். கண்ணாடியோடு பையன் வீட்டில் படுத்திருந்தான்.

அதற்குப் பிறகு அந்த டீச்சர் பிரசவ விடுப்பில் போக, கொஞ்ச நாளைக்கு வேறொருவர் வந்தார். மூணாறு பக்கம், எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு) பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அவரிடம் பையன் முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாம் முறை கிரிக்கெட் பேசினான், அப்புறம்தான் வந்தது. அப்பாவின் குடியைச் சொல்லி வகுப்பில் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அது கூடப் பரவாயில்லை, ஒரு வாத்தியார் ஒரு நாள் விளையாட்டாக அதே பெயரில் அவனைக் கூப்பிட்டுவிட்டார், வகுப்பே சிரித்தது. முதலில் மொழிபெயர்க்க வந்து உட்கார்ந்தவர் அந்த வாத்தியாரோடு தினமும் ஒரே பஸ்ஸில் வருகிறவர். பிள்ளை எப்படிச் சொல்லும்? நீங்களோ நானோ சொல்லியிருப்போமா?

இதில் முதலில் இருந்த டீச்சரை நான் குறை சொல்லவே இல்லை. மொழிபெயர்த்தவரும் கெட்டவர் இல்லை, தன் டீக்குடிக்கிற நேரத்தை விட்டுக்கொடுத்து வந்து உட்கார்ந்தவர். ஆனால் அவர் உட்கார்ந்த நிமிஷமே அந்த அறையின் வேலை முடிந்துவிட்டது. கவுன்சிலிங் என்றால் என்ன என்று நம் ஆட்கள் நினைப்பதற்கும் அது உண்மையில் நடக்கிற விதத்துக்கும் நிறைய தூரம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நம்மில் பாதிப் பேர் அதை அட்வைஸ் என்று நினைக்கிறோம். நன்றாகப் படி, போனைப் பார்க்காதே, அம்மா அப்பா கஷ்டப்படுகிறார்கள். இதைச் சொல்ல வீட்டில் பாட்டியே போதும், சம்பளம் கொடுத்து ஒருவரை வைக்க வேண்டியதில்லை. மீதிப் பாதிப் பேர் அதைத் தண்டனை என்று நினைக்கிறோம், சண்டை போட்டவன், சிகரெட்டோடு பிடிபட்டவன், யாருக்கோ சீட்டு எழுதிய பெண், இவர்களை அனுப்புகிற இடம். ஒரு பள்ளியில் காலை அசெம்பிளியில் மைக்கில் பெயர் வாசித்து இன்னின்னார் கவுன்சிலிங் ரூமுக்குப் போகவும் என்று சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அன்று போன பிள்ளைகளை மற்றவர்கள் வாரம் முழுக்கக் கேலி செய்திருப்பார்கள், அடுத்த முறை உண்மையான கஷ்டத்தில் இருக்கிற பிள்ளை அந்தக் கதவுப் பக்கமே போகாது.

ஆலோசகர் செய்வது வேறு. அவர் மார்க் போடுகிறவர் இல்லை, வருகைப் பதிவேடு எடுப்பவர் இல்லை, டாக்டரும் இல்லை. வகுப்பு டீச்சர்கள் நாங்களும்தான் கவுன்சிலிங் செய்கிறோம் என்பார்கள், பல பேர் செய்யவும் செய்கிறார்கள், அவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் எந்தப் பிள்ளைக்கும் தன் டீச்சர் முன்னால் நல்ல பிள்ளையாக இருக்க ஆசை இருக்கும். அந்த ஆசையை வெளியே கழற்றி வைத்துவிட்டு உட்கார ஒரு இடம் வேண்டும், அங்கே இருக்கிறவர் அதிர்ச்சியைக் காட்டாமல், சீச்சீ என்று முகம் சுளிக்காமல், நடுவில் புகுந்து முடிவு சொல்லாமல் கேட்க வேண்டும். பிள்ளை எந்தச் சாதி, எந்தக் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போகிற வீடு, காதலித்தது சரியா தப்பா என்று தன் கருத்தை உள்ளே கொண்டுவரக் கூடாது. முடிவைப் பிள்ளை எடுக்க வேண்டும், இவர் கூட நிற்க வேண்டும். தன்னால் முடியாத விஷயம் என்று தெரிந்தால் கையில் வைத்துக்கொண்டு பார்க்காமல் மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ரகசியம். இதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பெற்றோருக்கும் பள்ளிக்கும் ஆலோசகருக்கும் இழுபறி. நீ சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பிள்ளைக்கு ஒரேயடியாகச் சத்தியம் செய்து கொடுக்கிற ஆலோசகர் நல்ல ஆலோசகர் இல்லை. முதல் நாளே, பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன்பே, எதெல்லாம் இந்த அறைக்குள் இருக்கும், எதெல்லாம் வெளியே போயாக வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். நீ உன்னைக் காயப்படுத்திக்கொள்ளப் போகிறாய் என்று தெரிந்தால் சொல்லுவேன். நீ இன்னொருவரைக் காயப்படுத்தப் போகிறாய் என்றால் சொல்லுவேன். யாராவது உன்னிடம் தப்பாக நடந்துகொள்கிறார்கள் என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும், அது சட்டம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது, குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும் நடக்கலாம் என்று பயம் வந்தாலும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் மூடி மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழே வேலை செய்கிறவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை. பள்ளி மானம் போய்விடும் என்று உள்ளுக்குள்ளேயே பேசி முடிக்கிற தலைமையாசிரியர்கள் இதைப் படிக்கட்டும்.

இப்போது பாருங்கள், இதையெல்லாம் ஒரு பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு அவளுக்கு விளங்குகிற மாதிரி, பயமுறுத்தாமல், வேறொருவர் வாய் வழியாகச் சொல்ல முடியுமா? எதைச் சொல்லுவேன் எதைச் சொல்லமாட்டேன் என்று ஆலோசகர் வாக்குக் கொடுத்துவிட்டார், சரி, பக்கத்து நாற்காலியில் இருப்பவர் கொடுத்தாரா? அவருக்கு அந்தப் பயிற்சியே இல்லையே. ஸ்டாஃப் ரூமில் ஒரு பெருமூச்சு விட்டால் கூடப் போதும், ஐந்து மணிக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும்.

அதே போக்சோ 19-ஆம் பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது, இது எங்கள் மாதிரி எல்லை ஊர்க்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. புகாரைப் பதிவு செய்கிற மொழி குழந்தைக்குப் புரியவில்லை என்றால் தகுதியும் அனுபவமும் உள்ள மொழிபெயர்ப்பாளரைக் கட்டணம் கொடுத்து ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதாவது விஷயம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன பிறகு குழந்தைக்குத் தகுதியான மொழிபெயர்ப்பாளர். போவதற்கு முன்னால், பிள்ளை முதல் முதலாக வாயைத் திறக்கிற இடத்தில், அந்தப் பீரியடில் யார் சும்மா இருக்கிறாரோ அவர். இது நியாயமா?

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு வாளையாரை மறக்க முடியாது. 2017-இல் அங்கே அட்டப்பள்ளத்தில் பதிமூன்று வயது அக்காவும் ஒன்பது வயதுத் தங்கையும் இரண்டு மாதத்துக்குள் அடுத்தடுத்து இறந்து போனார்கள். பாலியல் கொடுமை தொடர்பான அந்த வழக்கைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை, அது நீதிமன்றத்தின் வேலை. அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் இருந்த அந்தச் சில வாரங்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன், அப்படிப்பட்ட வாரங்களில் ஒரு சின்னப் பிள்ளை யாரிடம் போய் உட்காரும், யார் அதைக் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள் என்று.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு மலையாளம் தெரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. பி.டி.ஏ. கூட்டத்தில் என்னிடமே கேட்டார்கள். தெரியும் சார், எல்லோருக்கும் தெரியும். கடையில் சாமான் வாங்குவோம், பஸ்ஸில் சண்டை போடுவோம், மலையாளப் படம் பார்த்துச் சிரிப்போம், ஓணத்துக்குப் பூக்களம் போடுவோம். ஆனால் அப்பா அம்மாவை அடிக்கிறார் என்பதை, மாமா முறை வேண்டிய ஒருவர் கை வைத்தார் என்பதை, செத்துப்போய்விடலாமா என்று ராத்திரி தோன்றுகிறது என்பதைச் சொல்ல அந்த மலையாளம் போதாது. பிள்ளை தெரிந்த வார்த்தைக்குள் தன் கஷ்டத்தைச் சுருக்கிக்கொள்ளும். தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடும்.

அரசுக்கு இது புதிய விஷயமும் இல்லை. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-இலேயே வந்தது, அதன்படி தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் பகுதியில் இருக்கிற அரசு அலுவலகத்துக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம். அரசு வேலைக்கு ஆள் எடுக்கிற பி.எஸ்.சி. தமிழும் மலையாளமும் தெரிந்த எல்.டி. கிளார்க் என்றே தனியாக அறிவிப்பு விடுகிறது, என் மையத்திலேயே எத்தனையோ பேருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு சொல்கிறது. ஆக, நிலவரி பற்றி நான் தமிழில் மனு கொடுக்கலாம், அதைப் படிக்கத் தமிழ் தெரிந்த கிளார்க்கை வைப்பார்கள். ஆனால் ஆலோசகர் வேலைக்கு நான் பார்த்த அறிவிப்புகளில் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி கூடப் பார்த்ததில்லை.

சரி, அந்த வேலை எப்படிப்பட்ட வேலை என்றும் பார்க்க வேண்டும். பெண்கள் குழந்தைகள் வளர்ச்சித் துறை மூலமாகத்தான் அரசுப் பள்ளிகளுக்கு ஆலோசகர்கள் வருகிறார்கள், மதிப்பூதியத்தில், ஒப்பந்தத்தில். கல்வித் துறை ஆளும் இல்லை, நிரந்தரமும் இல்லை. அதனால் ஸ்டாஃப் ரூமில் அவர்களுக்கு ஒரு மூலை, ஆள் வராத வகுப்புக்கு அவர்களை அனுப்புவது, கலோத்சவம் (பள்ளிக் கலைவிழா) வந்தால் பிள்ளைகளுக்கு மேக்கப் போடச் சொல்வது, கணக்கெடுப்புப் படிவம் நிரப்பச் சொல்வது. அறை என்று கொடுப்பது சில இடங்களில் பழைய லேபின் ஒரு பாதி, நடுவில் ஸ்கிரீன், அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். குறிப்பேட்டைப் பூட்டி வைக்க அலமாரி கிடையாது. பிள்ளைகளின் பாரத்தையெல்லாம் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிற அந்தப் பெண் தன் பாரத்தை யாரிடம் இறக்குவார் என்று யாரும் யோசிப்பதில்லை. வருடக் கடைசியில் இவர் இருப்பாரா போவாரா என்றே தெரியாத போது பிள்ளை எப்படி நம்பி ஆரம்பிக்கும்?

உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25-ஆம் தேதி கொடுத்த தீர்ப்பைப் பற்றி நீங்கள் எல்லாம் எழுதினீர்கள். விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போயிருந்த, மேற்கு வங்கத்தைச் சேர்ந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கு. நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு 15 வழிகாட்டுதல்கள் கொடுத்தது, நூறு மாணவர்களோ அதற்கு மேலோ இருக்கிற கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதியுள்ள ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவரையாவது வைக்க வேண்டும், குறைவாக இருந்தால் வெளியே இருக்கிற நிபுணர்களோடு தொடர்பாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள் என்னும்போது இந்தத் தீர்ப்பு வந்ததில் ஆச்சரியம் இல்லை, தாமதமாக வந்ததுதான் ஆச்சரியம். ஆனால் பள்ளிக்கு ஒருவர் என்று ஒரு ஆளை நிறுத்திவிட்டுக் கட்டத்தில் டிக் போடுவது சுலபம். அமெரிக்காவில் பள்ளி ஆலோசகர்களின் சங்கம் 250 மாணவர்களுக்கு ஒருவர் என்று கேட்கிறது. எங்கள் பக்கம் சில பள்ளிகளில் ஆயிரத்துக்கு மேல் பிள்ளைகள், இரண்டு மீடியம், ஒரே டீச்சர்.

எல்லை ஊருக்கென்று சில தலைவலிகள் தனியாக இருக்கின்றன, இதைத் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து யோசித்தால் தெரியாது. பத்து வரை தமிழில் படித்த பிள்ளை பிளஸ் ஒன்னில் போய் உட்கார்ந்ததும் புத்தகம் ஆங்கிலம், விளக்கம் மலையாளம். நேற்று வரை வகுப்பில் முதல் ஆளாக இருந்தவள் இன்று கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்கவே கூச்சப்படுகிறாள். இதே பிள்ளைகள் சான்றிதழோடு என் மேசைக்கு வரும்போது முகத்தைப் பார்த்தாலே தெரியும். அடுத்தது எங்கே படிப்பது என்கிற கேள்வி. பக்கத்தில் இருப்பது பொள்ளாச்சியும் கோயம்புத்தூரும், ஆனால் அங்கே போனால் நீ வெளிமாநிலம், இங்கே வாங்கிய சாதிச் சான்றிதழ் அங்கே இட ஒதுக்கீட்டுக்குப் பெரும்பாலும் உதவாது. இங்கே ஒரு பட்டியலில் இருக்கிற சமூகம் அங்கே வேறு பட்டியலில் இருக்கும். இந்த ஆலோசகர் வேலையே அமெரிக்காவில் நூறு வருடத்துக்கு முன்னால் பையன்களுக்குத் தகுந்த தொழில் எது என்று வழிகாட்டுவதில்தான் தொடங்கியது, பாஸ்டன் நகரத்தில் 1908-இல் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் அதற்காக ஒரு அலுவலகமே திறந்தார். எங்களுக்கு வருகிற ஆலோசகருக்கு இரண்டு மாநிலத்து விதியும் தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் பிள்ளை தப்பான படிவத்தை நிரப்பி ஒரு வருடத்தை இழக்கும். இது நான் கண்ணால் பார்க்கிற விஷயம்.

அப்புறம், படிப்பை நடுவில் நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் இருக்கிற அத்தை வீட்டுக்கு அனுப்பிவைப்பது. டி.சி. வாங்கிக்கொண்டு போவார்கள், போன பிள்ளை அங்கே பள்ளியில் சேர்ந்ததா, கல்யாணம் ஆகிவிட்டதா, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டதா என்று இந்தப் பக்கம் யாரும் கேட்கமாட்டார்கள், அந்தப் பக்கத்துக்கு அப்படி ஒரு பிள்ளை வந்ததே தெரியாது. இரண்டு பக்கத்து ஆலோசகர்களும் ஒரு போன் பேசிக்கொண்டால் முடிகிற காரியம் இது, ஆனால் பேச வேண்டும் என்று எந்த உத்தரவும் இல்லை.

என் கோரிக்கைக்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அதை நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நல்ல வாதம். தமிழ் தெரிந்த ஆலோசகர் வேண்டும் என்றால் இந்த ஊர்ப் பெண்ணைத்தான் போடுவார்கள். போட்டால் அவர் யாருக்காவது சித்தியாக இருப்பார், யாருக்காவது நாத்தனாராக இருப்பார், பாதிப் பேர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருப்பார். பிள்ளை இவரிடம் சொன்னது ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுப் பந்திக்கு வந்துவிடுமோ என்று பயப்படும். வெளியூர் மலையாளி டீச்சரே மேல் என்று ஒரு பிளஸ் டூ பெண் என்னிடம் சொன்னாள், அவருக்கு எங்கள் வீடு எது என்றே தெரியாது அக்கா, அதுவே நிம்மதி என்றாள். நியாயம்தான். சொந்தம், ஒரே தெரு, கொடுக்கல் வாங்கல் இருக்கிற இடத்தில் ஆலோசகராக இருக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அடிப்படை. அதனால்தான் சொல்கிறேன், வடகரப்பதிக்காரரைக் கொழிஞ்சாம்பாறையில் போடாதீர்கள், முதலமடைக்கு அனுப்புங்கள். இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீருமேடு பக்கத்தில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்த தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களை இங்கேயும் இங்கிருப்பவர்களை அங்கேயும் போடலாம். மலையாளி டீச்சராகவே இருந்தாலும் பரவாயில்லை, தமிழைப் பேசவும் பிள்ளை பேசுவதைக் கேட்டுப் புரிந்துகொள்ளவும் தெரிந்திருந்தால் போதும், எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்று கூட நான் கேட்கவில்லை.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் பிள்ளைக்கு என்ன பைத்தியமா என்று பள்ளி வாசலில் நின்று கத்துகிற அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளை என்றால் நாளைக்குக் கல்யாணம் பேசும்போது யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அம்மாக்களுக்குப் பயம். காய்ச்சலுக்குக் கூட்டிப்போவதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை. இன்னொன்று, ஆலோசகரிடம் போய் என் பையன் என்ன சொன்னான் சொல்லுங்கள் என்று நச்சரிக்காதீர்கள். ஆபத்து என்றால் அவரே உங்களைக் கூப்பிடுவார். கூப்பிடவில்லை என்றால் அவன் நன்றாக இருக்கிறான், அல்லது நன்றாகிக்கொண்டிருக்கிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையன் விஷயத்தில் மூணாறு டீச்சர் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதிக் கதை ஆகிவிடும். அவர் நேரே போய் வாத்தியாரிடம் சண்டை போடவில்லை. பையனிடம்தான் முதலில் கேட்டார், உனக்கு என்ன நடக்க வேண்டும் என்று. என் பெயர் வரக் கூடாது, அந்த சாரைத் திட்டவும் கூடாது, ஆனால் அந்தப் பட்டப்பெயர் சொல்வது நிற்க வேண்டும் என்றான். தலைமையாசிரியரிடம் பேசி, எல்லா ஆசிரியர்களுக்கும் பொதுவாக ஒரு மதிய நேரத்தில் பிள்ளைகளைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது பற்றிப் பேசினார். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனதை நோகடிப்பதையும் தடை செய்கிறது என்று எடுத்துச் சொன்னாராம். யாரையும் குறிப்பிடவில்லை, புரிய வேண்டியவருக்குப் புரிந்தது. அம்மாவை வரச் சொல்லி, பையனின் சம்மதத்தோடு, எது அவசியமோ அதை மட்டும் சொன்னார். அப்பாவுக்குக் கலால் துறையின் விமுக்தி திட்டத்தில் குடியை விடச் சிகிச்சை கிடைக்கும் என்று விவரம் கொடுத்தார், அப்பா இன்னும் போகவில்லை, அது வேறு கதை. பையன் பள்ளிக்குப் போகிறான். முதல் டீச்சர் விடுப்பு முடிந்து வந்ததும் இவர் போய்விட்டார்.

நாங்கள் கேட்பது இதுதான். தமிழ் டிவிஷன் இருக்கிற ஒவ்வொரு பள்ளிக்கும் தமிழ் பேசத் தெரிந்த ஆலோசகர் வேண்டும் என்று நியமன அறிவிப்பிலேயே எழுதுங்கள். அதுவரைக்கும் மொழிபெயர்க்க அதே பள்ளி ஆசிரியரை உட்காரவைக்காதீர்கள், வாரத்தில் ஒரு நாளாவது தமிழ் தெரிந்தவர் வேறு பள்ளியிலிருந்து வந்து போகட்டும். கதவு சாத்துகிற அறை, பூட்டு போட்ட அலமாரி, பெயர் வாசிக்காத மைக், இவற்றுக்கு மாவட்டப் பஞ்சாயத்து பெரிதாகச் செலவு செய்ய வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மாணவர் மனசு என்று ஒரு பெட்டி வைத்தார்கள், பிள்ளை சொல்ல முடியாததை எழுதிப் போடலாம். இங்கேயும் ஒரு பெட்டி வைக்கலாம், திறந்து படிப்பவருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் சரி.

ஆலோசகர் இல்லாத பள்ளிப் பிள்ளைகளும் இதைப் படிக்கலாம் என்பதால் எண்களையும் போட்டுவிடுங்கள். 14416 டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், இரு பக்கமும் உண்டு, கட்டணம் இல்லை, மொழி கேட்கும்போது தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098. கேரளத்தில் திசா என்கிற சுகாதார உதவி எண் 1056. தமிழ்நாட்டுப் பள்ளியில் படிப்பவர்களுக்குக் கல்வி உதவி எண் 14417.

மதர் பி.டி.ஏ. சார்பில் மாவட்ட ஆட்சியருக்கும் துறை அலுவலருக்கும் ஒரு மனு தயார் செய்துகொண்டிருக்கிறோம், தமிழில்தான். தேவிகுளம், பீருமேடு, ஆரியங்காவு பக்கம் இருக்கிற வாசகர்களும், ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் தெலுங்கு டீச்சரிடம் பிள்ளையை அனுப்புகிற தமிழ்ப் பெற்றோரும் உங்கள் பள்ளியில் அந்த மூன்றாவது நாற்காலியில் யார் உட்காருகிறார் என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறோம். பிள்ளைகளின் பெயரை மட்டும் எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்